பொன் வாங்க ஒரு பக்கெட்

அந்த ஆபீஸ் இப்போது இல்லை. திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பாத்திரக் கடையின் மேல்மாடியில் இருந்தது. கீழே அண்டா வாங்க வருகிறவர்கள் அதைத் தட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டார்கள். அந்தச் சத்தம் மேலே இருக்கிறவர்கள் காதில் நாள் முழுக்க விழும். அங்கே வேலை பார்த்தவர்கள் இன்றைக்கு எந்த ஊரில் எந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்திருந்தாலும் சரி, எங்காவது அண்டா தட்டும் சத்தம் கேட்டால் ஒரு நிமிடம் நின்றுவிடுவார்கள். என்ன செய்வது, மனசு அப்படி.

டாக்டரைப் பார்க்க வீட்டிலிருந்தே செல்போனில் டோக்கன் போடும் சர்வர் அவர்களுடையது. சின்ன ஊர் டாக்டர்கள் முந்நூறு பேர் அதில் இருந்தார்கள். பைத்தானில் அதை முதல் வரியிலிருந்து எழுதியவர் ஜெசிந்தா. முன்பு இரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தவர் என்பதால் ஆபீஸ் முழுக்க அவருக்கு டீச்சர் என்றே பேர். வயது முப்பத்தேழு. அவரிடம் தொழில் கற்க வந்து சேர்ந்த உபைதுல்லாவுக்கு நாற்பத்தாறு.

உபைதுல்லா பதினெட்டு வருடம் மஸ்கட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர். ஒவ்வொரு லீவுக்கும் வந்து பார்த்தால் மகள் ஒரு சாண் வளர்ந்து நிற்பாள். நடுவில் அவள் வளர்ந்ததைப் பார்க்க இவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. போதும் என்று ஊருக்கு வந்துவிட்டார். மூன்று மாதம் வேலையைப் பாருங்கள், பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள் என்று முதலாளியிடம் கேட்டுத்தான் சேர்ந்தார். வரும் வெள்ளிக்கிழமையோடு மூன்று மாதம் முடிகிறது. முதலாளி வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றால், திரும்ப மஸ்கட்தான்.

டீச்சர் அவருக்குக் கொடுத்த வேலை இதுதான். டோக்கன் கேட்டு ஒருவர் பட்டனை அழுத்தியதிலிருந்து பதில் போய்ச் சேரும்வரை எத்தனை வினாடி என்று சர்வர் கவனிக்கும். அரை வினாடிக்குள் முடிந்தால் முதல் பக்கெட்டில், அதாவது முதல் கணக்கில், ஒன்று கூட்டும். ஒரு வினாடி என்றால் அடுத்த பக்கெட். இப்படிப் பத்து வினாடி வரைக்கும். எந்தப் பக்கெட்டில் எத்தனை பேர் என்பது சுவரில் மாட்டிய திரையில் கம்பி கம்பியாக நிற்கும். ஹிஸ்டோகிராம் என்று பேர். இந்த எண்ணுகிற வேலை சர்வருக்குள் நாற்பத்து மூன்று இடத்தில் நாற்பத்து மூன்று விதமாக ஒட்டுப்போட்டுக் கிடந்தது. அதை ஒழுங்குபடுத்த வேண்டும்.

உபைதுல்லா உயிரைக் கொடுத்து வேலை பார்த்தார். கடிகாரத்தை ஓடவிடு, பதில் போனதும் நிறுத்து, பக்கெட்டைப் பார்த்துக் கூட்டு: எல்லாவற்றையும் ஒரே ஃபங்ஷனுக்குள் கொண்டுவந்தார். அந்த நாற்பத்து மூன்று இடத்திலும் மேலே அதைக் கூப்பிட ஒரே ஒரு வரி போதும். அறுநூறு வரி எண்பது வரியானது.

ஒரு பக்கெட்தான் அவருக்குப் பிடிபடவில்லை. மற்றதெல்லாம் வினாடிக் கணக்கு. இதற்கு மட்டும் வினாடியே இல்லை, ஒரு பேர்தான் இருந்தது. தமிழ்ச் சொல்லை இங்கிலீஷ் எழுத்தில் அடித்த பேர். பி, ஓ, என், வி, ஏ, என், ஜி, ஏ. உபைதுல்லா அதைப் 'பொன் வாங்க' என்று படித்தார். ஆபீஸில் எல்லாரும் அப்படித்தான் படித்தார்கள். திரையின் வலது ஓரத்தில் அந்தக் கம்பி உயரும்போதெல்லாம் இன்றைக்குத் தங்கம் ஏறிவிட்டது என்று கேலி பேசுவார்கள். டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஏதோ அட்சய திருதியை அன்றைக்கு விளையாட்டாக எழுதியது போலிருக்கிறது என்று உபைதுல்லா தனக்குள் சிரித்துக்கொண்டு அதை எடுத்துவிட்டார்.

புதன்கிழமை புதியதைச் சர்வரில் ஏற்றினார்கள். திரையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. கம்பிகள் எல்லாம் இடது பக்கமே நின்றன. வலது ஓரம் துடைத்துவிட்டது போல் காலி. பாய் கலக்கிட்டீங்க என்று ஆளாளுக்கு வந்து கை கொடுத்தார்கள்.

டீச்சர் கை கொடுக்கவில்லை. திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பாய், நாளைக்குக் காலையில ஒரு வேலை இருக்கு. நந்தி கோயில் தெருவுல குழந்தை டாக்டர் ஒருத்தர் இருக்கார். அங்க போய், யார் யார் எவ்வளவு நேரம் காத்திருந்தாங்கன்னு எழுதிட்டு வாங்க."

"டோக்கன் போடாத டாக்டரா டீச்சர்?"

"ஆமா. வரிசைதான்."

எதற்கு என்று உபைதுல்லா கேட்கவில்லை. வியாழக்கிழமை பத்து மணிக்கு அங்கே போய், டாக்டர் அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். மருந்துச் சீட்டோடு வெளியே வருகிறவர்களிடம், எத்தனை மணிக்கு வந்தீங்க என்று கேட்டுக் கேட்டு எழுதினார். ஒரு மணிக்கு டாக்டர் எழுந்து போனபோது தாளில் முப்பத்தோரு பேர் இருந்தார்கள். ஆபீஸுக்கு வந்ததும் தாளை நீட்டினார்.

"ரொம்ப நேரம் காத்திருந்தவங்க யாரு?" என்றார் டீச்சர்.

"ஒரு தாத்தா, பேத்தியோட. நாப்பது நிமிஷம்."

"அதுக்கு மேல யாரும் இல்லையா?"

"இல்லை டீச்சர். ஒருத்தரையும் விடலை. வெளிய வந்த எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன்."

"நடுவுல உங்ககிட்ட யாராவது பேசினாங்களா?"

உபைதுல்லா யோசித்தார். பச்சைச் சேலையில் ஒரு பெண், தோளில் கைக்குழந்தை. தடுப்பூசிக்கு வந்தவள் என்பதால், காய்ச்சல் குழந்தைகளை முன்னால் விட்டு விட்டு அவள் முறை தள்ளிக்கொண்டே போனது. இவரை டாக்டரின் ஆள் என்று நினைத்துக்கொண்டு, இன்னும் எத்தனை பேருங்க என்று கேட்டாள். ஏழெட்டுப் பேர் இருக்கும் என்று இவர் சொன்னார். முசிறி பஸ்ஸை விட்டால் அடுத்தது மூன்று மணிக்குத்தான் என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனாள். அவள் போவதற்கு இவர்தான் காலை மடக்கி வழிவிட்டார்.

"அவங்க எவ்வளவு நேரம் இருந்தாங்க?"

"நான் போனப்பவே உக்காந்திருந்தாங்க. ரெண்டு மணி நேரம் இருக்கும்."

"தாள்ல எங்க இருக்காங்க?"

உபைதுல்லா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பத்தோரு பேரில் அவள் இல்லை. பிறகு மெல்ல எழுந்து தன் இடத்துக்குப் போய், பழைய நிரலைத் திறந்தார். நாற்பத்து மூன்று இடத்திலும், என்ன ஆனாலும் கடைசியில் ஓடியே தீருகிற வரியாக அந்த பக்கெட் இருந்தது. பதில் வருவதற்குள் செல்போனை மூடிவிட்டவர்களுக்கு ஒன்று கூட்டுகிற வரி. பேரை எழுத்துக் கூட்டி இன்னொரு தரம் படித்தார். காது சூடாகிவிட்டது.

"போனவங்க," என்றார்.

"நடுவுல ஒரு ஏ விட்டுப்போச்சு பாய். அவசரத்துல அடிச்சது." டீச்சர் சிரித்தார்.

அன்றைக்குத்தான் அவர் பழைய கதையைச் சொன்னார். தொடங்கியபோது ஐந்தே டாக்டர்கள். அவர் ஒருத்தர், ஒரு மேசை, மேசை மேல் ஒரு போன். டோக்கன் வர நேரமானால் ஜனங்கள் நேரே போன் போட்டுவிடுவார்கள். என்னம்மா இது சுத்திக்கிட்டே இருக்கு என்று லால்குடியிலிருந்து ஒரு வாத்தியார் தினமும் திட்டுவார். துறையூர் அக்கா ஒருத்தர் திட்டி முடித்ததும், சாப்பிட்டியா கண்ணு என்று கேட்பார். குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். டாக்டர்கள் முந்நூறு ஆனதும் போன் அடிப்பது நின்றுவிட்டது. யாரும் திட்டுவதில்லை. பேசாமல் மூடி வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

"அந்தச் சத்தம் இல்லாம எனக்கு வேலையே ஓடலை பாய். அழுகையா வந்துச்சு. அப்பத்தான் அந்த பக்கெட்டை எழுதினேன்."

உபைதுல்லா அந்த வரியைத் தன் ஃபங்ஷனுக்குள் சேர்த்தார். இப்போது ஒரே இடத்தில் எழுதினால் போதும். பத்து நிமிடத்தில் முடிந்தது. ஏற்றுவதற்கு முன்பு நேற்றைய டோக்கன் பதிவுகளை வைத்துச் சோதித்துப் பார்த்தார். ஒன்பது பேரில் ஒருவர் போய்விடுகிறார். நாளைக்கு முதலாளி பார்க்கப்போகும் திரை இது. மஸ்கட் விமானம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

திரும்ப டீச்சரிடம் வந்தார்.

"டீச்சர், நாளைக்கு முதலாளி பாத்துட்டுப் போகட்டுமே. திங்கக்கிழமை ஏத்திக்கலாமா?"

"ஏத்திக்கலாம் பாய். அதுவரைக்கும் உங்களை எண்ண மாட்டோம்னு, மூடி வச்சுட்டுப் போறவங்ககிட்ட மட்டும் நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

உபைதுல்லா தன் இடத்துக்குப் போய் அதைச் சர்வரில் ஏற்றினார். கால் மணி நேரத்தில் திரையின் வலது ஓரத்தில் கம்பி முளைத்து, நிமிடத்துக்கு நிமிடம் மேலே ஏறியது. தங்கம் மறுபடியும் ஏறிடுச்சுடா என்று யாரோ சொன்னார்கள். உபைதுல்லாவால் சிரிக்க முடியவில்லை.

டீச்சர் எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் அந்தக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதைப் பாத்துட்டு நாளைக்கு என்னைப் போகச் சொல்லிட்டா?"

"அந்த பக்கெட்டுல ஒண்ணு கூட்டிக்குவேன் பாய்."