மரத்தில் நட்ட வெற்றி

இதை எனக்கு முதலில் சொன்னவர் தவமணி டீச்சர். என் கடைசிப் பையன் எட்டாவது படித்தபோது, பள்ளிக்கூட வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்ற நேரத்தில் சொன்னார். கிரேக்க தேசத்துக் கதை. கிறிஸ்து பிறப்பதற்கும் முந்தின காலம்.

"கல்லில் வைக்க ஏன் கூடாது, அம்மா?"

கேட்டவர் ஆர்கியாஸ் என்ற கல்தச்சர். பதில் சொல்ல வேண்டியவர் மெலிட்டா, ஊர் எல்லையில் இருந்த அதீனா கோவிலின் பூசாரியம்மா. வயதில் ஆர்கியாஸுக்கு மகள் போல இருப்பார். ஆனாலும் மகன் போன நாளிலிருந்து ஆர்கியாஸ் மனசு ஆறத் தேடி வருவது அவரிடம்தான்.

மகன் தீரோன், பக்கத்து ஊரோடு நடந்த சண்டையில் விழுந்தான். ஜெயித்தது இவர்கள் ஊர்தான்.

எதிரி எந்த இடத்தில் புறமுதுகு காட்டி ஓடினானோ, அந்த இடத்தில் ஜெயித்தவர்கள் ஒரு மரக்கம்பம் நடுவார்கள். எதிரியின் தலைக்கவசம், மார்புக்கவசம், கேடயம் எல்லாவற்றையும் ஆள் நிற்பதுபோல அதில் மாட்டிவைப்பார்கள். அதுதான் வெற்றிக் கம்பம்.

மரத்தில்தான் நட வேண்டும். சாய்ந்தால் நிமிர்த்தக் கூடாது. உளுத்தால் மாற்றக் கூடாது. கிரேக்க ஊர்களில் அப்படி ஒரு வழக்கம்.

"கம்பம் உளுத்துப்போச்சும்மா. ஆடு வந்து முதுகைச் சொறிஞ்சுக்குது. என் பிள்ளை உயிரைக் கொடுத்த இடம்னு காட்ட அது ஒண்ணுதான் இருக்கு. அதுவும் மண்ணாப் போனா, அவன் செத்தது எதுக்கு?"

மெலிட்டா விளக்குத் திரியைத் திரித்துக்கொண்டே கேட்டார்.

"கல்லுல செஞ்சு கொண்டு வந்துட்டேன். வண்டியில இருக்கு. நீங்க சரின்னா நட்டுக்கலாம்னு ஊர்ச் சபையில சொல்லிட்டாங்க."

மெலிட்டா எழுந்து வந்து வண்டிக்குள் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

பளிங்குதான். ஆனால் தலைக்கவசத்தின் உச்சியில் குதிரை மயிர்க் குஞ்சம் காற்றில் சாய்ந்திருந்தது. தோல்வார் தொய்ந்து தொங்கியது. உள்ளே இருந்த முகம் இப்போதுதான் விலகிப் போனதுபோல, கண் இருக்க வேண்டிய இடத்தில் நிழல் இருந்தது.

"சாமி உங்க கையில வந்து உட்கார்ந்திருக்கு ஐயா."

"அப்போ நடலாமா?"

"கம்பம் நிக்கிற மேடு கோவில் நிலம். அங்க வைக்கிற கல் இது. கழுவாம வைக்கக் கூடாது. சுனைக்குக் கொண்டு போங்க. கழுவிட்டு வந்து கேளுங்க."

சுனை இரண்டு ஊருக்கும் நடுவில் இருந்தது. சண்டை வந்ததே அதற்காகத்தான். இப்போது சமாதானம். இரண்டு ஊர்ப் பெண்களும் வந்து தண்ணீர் மொண்டு போகிறார்கள்.

ஆர்கியாஸ் கையால் அள்ளி அள்ளிக் கல்மேல் தெளித்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி குடத்தோடு வந்தாள்.

"கல்லைக் குளிப்பாட்ட வந்தவர் ஒரு குடம் கொண்டு வரக் கூடாதா அண்ணே? உங்க ஊர் ஆம்பளைங்க எல்லாரும் இப்படித்தானா?"

"உங்க ஊர்க் குடம் ஒழுகாதுன்னா கொடும்மா."

அவள் சிரித்தாள். குடத்தைக் கொடுக்கவில்லை. தானே மொண்டு தானே ஊற்றினாள். பளிங்கு நனைந்து மின்னியது.

"ஐயோ, நிஜ மயிர் மாதிரியே இருக்கே," என்று தொட்டுப் பார்த்தாள். விரல் கீழே இறங்கியது. இடது காதுப் பக்கம், ஒரு சின்னப் பள்ளத்தில் வந்து நின்றது.

"இதை எதைப் பார்த்துச் செஞ்சீங்க?"

"மேட்டுல, கம்பத்துல தொங்குதே, அதைப் பார்த்து. ஒண்ணு விடாம செஞ்சேன். அது வாள் பட்ட பள்ளம்."

"வாள் படலை அண்ணே. என் பையன் கொட்டில்ல கழட்டிப் போட்டுட்டான். கழுதை மிதிச்சிடுச்சு. அவங்க அப்பா ரெண்டு நாள் அவன்கூடப் பேசலை."

கல்லிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"என் பிள்ளையும் அன்னைக்குத்தான் போனான்," என்றார் ஆர்கியாஸ்.

"பேர் என்ன?"

"தீரோன்."

"கல்யாணம் ஆயிருந்துதா?"

"பேசி வச்சிருந்தோம். உங்க பிள்ளை?"

"லாம்போன். நாங்க பேசறதுக்கு முன்னாடி அவனே ஒருத்தியைப் பார்த்து வச்சிருந்தான்."

இரண்டு பேருக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. பிறகு நின்றது.

அவள் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்தாள். அவள் ஊருக்கு நேர்வழி, கம்பம் நின்ற மேட்டின்மேல் போகிறது. அவள் மலையைச் சுற்றிப் போகிற பாதையில் திரும்பினாள்.

"இந்தப் பக்கம் போனா கிட்டத்துல போயிடலாமேம்மா."

"அங்க அவன் நிக்கிறான் அண்ணே. தோத்தவனா நிக்கிறான். போன மழைக்கு ஒரு பக்கம் சாஞ்சுட்டான். இந்த மழைக்கு விழுந்துடுவான்னு பார்த்துக்கிட்டிருக்கேன்."

வண்டியில் இருந்ததை இன்னொரு தடவை பார்த்தாள்.

"கல்லு எப்ப விழும் அண்ணே?"

கோபமாகக் கேட்கவில்லை. மழை எப்போது வரும் என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். ஆர்கியாஸ் அவள் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

வண்டி கோவிலுக்குத் திரும்பி வந்தது.

"கழுவியாச்சா ஐயா?"

"ஒரு அம்மா கழுவிக் கொடுத்தாங்க."

"நடணுமா?"

"வேண்டாம்மா. வீட்டுக்கே ஓட்டிட்டுப் போறேன்."

சொன்னாரே தவிர, மாட்டைத் திருப்பவில்லை. தலையைத் தூக்கிக் கோவிலைப் பார்த்தார். ஒவ்வொரு தூணும் பளிங்கு. அவருடைய பாட்டன்மார் செதுக்கியது. அன்றுதான் முதல்முதலாகப் பார்ப்பவர்போல நெடுநேரம் பார்த்தார்.

"கல்லு தெரியாதவங்க இல்லையே இவங்க," என்றார் மெதுவாக. "கம்பத்தை மட்டும் மரத்துலதான் நடணும்னு முதல்ல சொன்னது யாரும்மா? தோத்தவங்க கெஞ்சிக் கேட்டாங்களா?"

"இல்லை ஐயா," என்றார் மெலிட்டா. "ஜெயிச்சவங்க சொன்னது."

கேட்டவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்றைக்கு விளக்கேற்றும்போது, தீரோனுக்கும் லாம்போனுக்கும் சேர்த்து ஒரு திரி போடுங்கள்.