அறுபத்தொரு கிலோ

ரெஜினா மாஸ்டரிடம் முதல் நாள் வருகிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். சாப்பிட்டுவிட்டு உடற்பயிற்சி செய்ய வேண்டுமா, செய்துவிட்டுச் சாப்பிட வேண்டுமா.

மாஸ்டர் ஆளுக்கொரு பதில் சொல்வார்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த மாப்பிள்ளையிடம், "முன்னாடியும் சாப்பிடுங்க, பின்னாடியும் சாப்பிடுங்க, நடுவுல மட்டும் வேணாம்" என்றார். அவர் ட்ரெட்மில் மேல் நின்றபடி முறுக்கு தின்றதை மாஸ்டர் பார்த்திருந்தார்.

பல் டாக்டர் ஒருவரிடம், "இதுவரைக்கும் எத்தனை பேரைக் கேட்டீங்க?" என்றார்.

"பதினோரு பேர் இருக்கும்."

"போதும். பளுவை எடுங்க."

ஜிம் வியாசர்பாடியில், ஒரு பஞ்சர் கடைக்குப் பின்னால் இருந்தது. காலை பத்திலிருந்து பதினொன்றரை வரை பெண்கள் நேரம். மாஸ்டருக்கு முப்பத்தொரு வயது. பளுதூக்கும் போட்டிகளில் நிறைய ஜெயித்து, முழங்கால் சவ்வு ஒன்றைப் பறிகொடுத்து, அதன் பிறகு சொல்லிக்கொடுக்க வந்தவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் கொஞ்சம் கடிக்கும்.

அங்கே ஜெகதா வந்தாள். வயது நாற்பத்திரண்டு. விடிகாலையில் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்கும் வேலை. இடுப்பு மெலிய வேண்டும் என்றோ முதுகுவலி என்றோ அவள் சொல்லவில்லை.

"அறுபத்தொரு கிலோவைத் தூக்கணும் மாஸ்டர். மூணு மாடி. காலைல எறக்கணும், சாயங்காலம் ஏத்தணும்."

"இன்னா அது, அரிசி மூட்டையா?"

"எங்க வீட்டுக்காரரு."

மாஸ்டர் கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தார்.

அவள் கணவன் தணிகாசலம் பெயிண்டர். இரண்டு வருடத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே ஓய்ந்துபோயிற்று. கை நன்றாக இருந்தது. படுத்த படுக்கையிலேயே செல்போன் ரிப்பேர் கற்றுக்கொண்டான். தெருமுனைக் கடைக்காரர் அவன் வேலையைப் பார்த்து, "நாலு மாசம் டைம். தினம் வந்து உக்கார முடிஞ்சா சீட்டு ஒனக்கு. முடியலைன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்" என்றார். அவர்கள் இருந்த குடியிருப்பு பழையது. லிஃப்ட் கிடையாது.

"அக்கம்பக்கத்துல ஆளுங்க இல்லையா?"

"நாலு பேர் போர்வையில கட்டித் தூக்குவாங்க. ஆஸ்பத்திரிக்கு அப்படித்தான் போனாரு. வேலைக்குப் போறவரைப் பொணம் மாதிரி தூக்கினு போவாங்களா? நான் தூக்குறேன்."

"சரி."

"சாப்ட்டு வரணுமா மாஸ்டர், வந்துட்டுப் போய் சாப்பிடணுமா?"

"மொதல்ல தூக்குங்க. அதை அப்புறம் பாக்கலாம்."

மாஸ்டர் ஒரு சாக்கில் மணல் நிரப்பினார். இருபது கிலோவில் ஆரம்பித்தது. முதுகில் எப்படி ஏற்றுவது, துணியை எங்கே சுற்றுவது, இறங்கும்போது எந்தக் காலை முதலில் வைப்பது, எல்லாம் சொல்லிக்கொடுத்தார். ஜிம் கட்டடத்துக்கும் மொட்டைமாடி வரை மூன்று மாடி. ஜெகதா ஏறினாள், இறங்கினாள். ஒரு நாள்கூட லீவு போடவில்லை. மாதம் ஒன்று போயிற்று, இரண்டு போயிற்று. மூட்டை முப்பதாயிற்று, நாற்பதாயிற்று, ஐம்பதாயிற்று.

ஐம்பதைத் தட்டுத்தடுமாறி மேலே கொண்டுபோய்விட்டாள். அறுபத்தொன்று வந்ததும் நின்றுபோனாள். இரண்டாம் மாடித் திருப்பம் வரைக்கும் வருவாள். அங்கே தொடை நடுங்கும். கண் இருட்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு மூட்டையோடு சரிந்து உட்காருவாள். தினமும் அதே திருப்பம், அதே சுவர்.

கடைக்காரரின் கெடு முடியும் ஒண்ணாம் தேதிக்கு ஆறு நாள் இருந்தது. அன்றும் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"ஒரு வீடியோல வெறும் வயித்துல செய்யின்றான். இன்னொருத்தன் ரெண்டு மணி நேரம் முன்னாடி துன்னுன்றான். வேற ஒருத்தி செஞ்சு முடிச்ச அரை மணிக்குள்ள முட்டை துன்னணும்ன்றா. நான் எதைத்தான் கேக்கறது? நாலு மாசமா கேக்கறேன், நீ வாயே தொறக்க மாட்டேன்ற. முன்னாடியா பின்னாடியா, ஒண்ணை சொல்லு மாஸ்டர்."

"நீங்க எப்ப சாப்பிடுறீங்க?"

"அவரு சாப்ட்டப்புறம்."

"இன்னா சாப்பிடுவீங்க?"

"இருக்கறத."

மாஸ்டர் அவள் முதுகிலிருந்து மூட்டையை அவிழ்த்தார்.

"எனக்குத் தெம்பு இல்லாம இல்ல மாஸ்டர்," என்றாள் ஜெகதா. "வீட்ல அவரைப் பொரட்டிப் படுக்க வைக்கறேன், குளிப்பாட்டத் தூக்கறேன். முன்ன மாதிரி இல்ல, லேசா இருக்காரு. ஜிம்முக்கு வந்து எனக்குப் பெலன் வந்துச்சுன்னு சந்தோஷமா இருந்தேன். இங்க வந்தா இந்த மூட்டை மட்டும் கனக்குது. சாப்பிடுற நேரத்துலதான் ஏதோ தப்பு."

மாஸ்டர் மூட்டையை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"நாளைக்கு ஒங்க வீட்டுக்கு வரேன். எத்தனை மணிக்கு சாப்பாடு?"

மறுநாள் மதியம் ஒரு மணிக்கு மாஸ்டர் மூன்று மாடி ஏறி வந்தார். கையில் ஜிம்மின் எடை மெஷின் இருந்தது. அதை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

"வா மாஸ்டர், ஒக்காரு," என்றான் தணிகாசலம். கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தான். முகத்தில் எலும்பு தெரிந்தது. பக்கத்தில் பிரித்துப்போட்ட போன் ஒன்று கிடந்தது.

ஜெகதா தட்டு கொண்டுவந்தாள். சோறு, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, மேலே ஒரு முட்டை. அவன் நாலு வாய் சாப்பிட்டான்.

"போதும். வயிறு மந்தமா கீது. அப்புறமா துன்றேன்."

"முட்டையையாவது துன்னு."

"ராவுக்கு வை."

ஜெகதா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். முட்டையையும் சோற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டு மூடி, அலமாரியில் வைத்தாள். பிறகு அடிச்சட்டியில் ஒட்டியிருந்ததைக் கரண்டியால் வழித்து, நின்றபடியே இரண்டு வாய் சாப்பிட்டாள். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள். அதோடு அவள் சாப்பாடு முடிந்தது.

மாஸ்டர் சமையலறைக்குள் வந்தார். "இது யாருக்கு?"

"அவருக்குத்தான். ராவைக்கு."

"ராத்திரி சாப்பிடுவாரா?"

ஜெகதா யோசித்தாள். "அப்பவும் வயிறு சரியில்லன்னுடுவாரு."

"அப்புறம்?"

"காலைல பாப்பேன். கெட்டுப்போயிருந்தா கொட்டிடுவேன்."

"நீங்க சாப்பிட மாட்டீங்களா?"

"அவருக்குன்னு வெச்சத எப்படித் துன்றது?"

மாஸ்டர் வாசலுக்குப் போய் எடை மெஷினை எடுத்துவந்தார். அதன் மேல் தான் ஏறி நின்று பார்த்தார். அறுபத்துநாலு. இறங்கினார். கட்டிலருகில் குனிந்து, தணிகாசலத்தை இரண்டு கையாலும் வாரி எடுத்தார். "ஐயோ, இன்னா மாஸ்டர், வுடு," என்று அவன் கூச்சத்தில் நெளிந்தான். அவனோடு மறுபடி மெஷின் மேல் ஏறினார்.

"பாருங்க," என்றார்.

ஜெகதா குனிந்து பார்த்தாள். "நூத்திப் பதினஞ்சு."

மாஸ்டர் அவனைத் திரும்பக் கட்டிலில் உட்கார வைத்தார்.

"அம்பத்தொண்ணா?" என்றாள் ஜெகதா. "மெஷின் தப்பு. ஆஸ்பத்திரி சீட்டுல அறுபத்தொண்ணு போட்டிருக்கு. சீட்டு கீது, காட்டவா?"

"மெஷின் சரியாத்தான் இருக்கு." மாஸ்டர் அவன் பக்கம் திரும்பினார். "எத்தனை நாளா?"

தணிகாசலம் சுவரைப் பார்த்தான்.

"இவ ஜிம்முக்குப் போன நாள்லேர்ந்து."

"ஏன்?"

"இவதானே தூக்கணும். ஒரு கிலோ கொறைஞ்சா இவளுக்கு அவ்ளோ கஷ்டம் கொறையும்."

ஜெகதா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு கத்தினாள்.

"நீ நல்லா துன்னணும்னு என் முட்டையைக்கூட ஒனக்கு வெச்சேன்டா பாவி! எனக்குப் பெலன் வந்துச்சுன்னு ஊரெல்லாம் சொல்லினு திரிஞ்சேன். நீ எலும்பாப் போயிருக்க!"

"ஒனக்காகத்தானடி."

"நான் யாருக்காகப் பட்டினி கெடந்தேன்?"

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் பட்டினி கிடந்தது அவனுக்கு இதுவரை தெரியாது. கட்டிலிலிருந்து பார்த்தால் சமையலறை தெரிவதில்லை.

மாஸ்டர் அலமாரியிலிருந்த கிண்ணத்தைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்தார். மூடியைத் திறந்தார்.

"நீங்களும் சாப்பிடல, அவரும் சாப்பிடல. நாலு மாசமா சாக்கடைதான் நல்லா சாப்ட்டிருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் தணிகாசலத்துக்கு அவனுடைய கணக்கு ஒன்று இருந்தது.

"நடந்தது நடந்துடுச்சு மாஸ்டர். இப்ப அம்பத்தொண்ணுதான். ஜிம்முல இவ அம்பது தூக்கிட்டா இல்ல? ஒண்ணாந்தேதிக்கு இது போதும். அத்தோட வுட்டுடு. வேலை கெடைச்சப்புறம் துன்னுக்கலாம்."

மாஸ்டர் கட்டிலில் கிடந்த போனையும் சின்ன ஸ்குரூ டிரைவரையும் அவன் கையில் கொடுத்தார்.

"இந்த ஸ்குரூவை மாட்டுங்க."

அரிசியில் பாதிகூட இல்லாத ஸ்குரூ. அவன் நுனியை வைத்தான். நழுவியது. மறுபடி வைத்தான். விரல் நடுங்கியது, நழுவியது. மூன்றாவது தடவை ஸ்குரூ தெறித்துக் கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது.

"எத்தனை நாளா கை ஆடுது?" என்றார் மாஸ்டர்.

அவன் ஸ்குரூ டிரைவரைப் போர்வைக்கு அடியில் வைத்து மறைத்துக்கொண்டான்.

ஜெகதா எழுந்தாள். புடவையால் முகத்தைத் துடைத்தாள். அடுப்பைப் பற்றவைத்து இன்னும் இரண்டு முட்டை வேகப்போட்டாள்.

"மாஸ்டர், மூட்டையில ஒரு பிடி மணல்கூடக் கொறைக்காத," என்று அங்கிருந்தே சொன்னாள். "அறுபத்தொண்ணே இருக்கட்டும். இந்த ஆளை நான் அறுபத்தொண்ணாக்காம வுடமாட்டேன். அதுக்கு மேல போனாலும் தூக்குவேன்."

அதன்பிறகு அந்த வீட்டில் சமையலறைக்கும் கட்டிலுக்கும் நடுவே தட்டு போய் வருவது நின்றது. சட்டியே கட்டிலுக்கு வந்தது. அவன் ஒரு வாய் சாப்பிட்டால்தான் அவள் சாப்பிடுவாள், அவள் சாப்பிட்டால்தான் அவன் அடுத்த வாய். இரண்டு பேரும் ஒருவரையொருவர் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

ஜிம்மில் இரண்டாம் நாள் ஜெகதா அந்தத் திருப்பத்தில் உட்காரவில்லை, நின்றாள். மூன்றாம் நாள் அதைத் தாண்டி ஆறு படி ஏறினாள். நான்காம் நாளும் அதே ஆறு படிதான். ஐந்தாம் நாள் மொட்டைமாடிக்குப் போய்ச் சேர்ந்து, மூட்டையைப் போட்டுவிட்டு அதன் மேலேயே படுத்துக்கொண்டாள்.

ஒண்ணாம் தேதி காலை அவனை முதுகில் ஏற்றி, துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். கதவுகள் திறந்தன. ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள் நின்றார்கள். ஒருவர் கைகொடுக்க வந்தார். "தள்ளி நில்லு," என்றாள். இறக்கிவிட்டாள். படிக்குக் கீழே வைத்திருந்த சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, தெருவில் அவன் தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு கடைக்குப் போனான்.

சாயங்காலம் திரும்பி வந்தான். மூன்று போன் பார்த்துக்கொடுத்தானாம். கடைக்காரர் நாளைக்கும் வரச்சொன்னாராம். ஒரே நாளில் இரண்டு வருடத்துப் பேச்சையும் பேசினான். மாடிப்படிக்கு எதிரே தள்ளுவண்டியில் இட்லி வெந்துகொண்டிருந்தது. அவன் பேச்சு நின்று, மூக்கு அந்தப் பக்கம் போயிற்று.

"பசிக்குதா?" என்றாள் ஜெகதா.

"இல்ல. மேல போய்ப் பாத்துக்கலாம்."

"எனக்கும் பசியில்ல. ஏத்திட்டுத் துன்றேன்."

ஏற்றுவதைப் பார்க்க வந்து படியோரம் நின்றிருந்த மாஸ்டர் இருவரையும் பார்த்தார். ஜெகதாவின் முகம் சிவந்தது.

"முன்னாடி துன்னா இவரு கனப்பாரே மாஸ்டர்," என்றாள். "காலைல எறக்கினது வேற. இது ஏத்தம்."

மாஸ்டர் வண்டிக்காரரிடம் விரலைக் காட்டினார். மூன்று தட்டு வந்தது. ஜெகதா ஆறு இட்லி சாப்பிட்டாள். தணிகாசலம் எட்டு. சாம்பார் இரண்டு முறை கேட்டு வாங்கினான். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு அவள் குனிந்தாள். அவன் கழுத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டான். முதல் மாடி போயிற்று. மாஸ்டர் நாலு படி பின்னால் வந்தார், கைநீட்டவில்லை.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஜெகதாவின் தொடை நடுங்கியது. சுவர் பக்கத்திலேயே இருந்தது. அவள் அதைத் தொடாமல் நின்று மூச்சு வாங்கினாள்.

"எறக்கு," என்றான் அவன் காதருகில். "கொஞ்சம் ஒக்காந்துட்டுப் போலாம்."

"வாயை மூடு."

வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. மேலே இன்னும் ஒரு மாடி இருந்தது.

"மாஸ்டர்," என்றாள் திரும்பாமல். "கனக்கிறாரு."

"சாப்ட்ட மனுஷன் கனக்கத்தான்க்கா செய்வாரு," என்றார் மாஸ்டர். "ஏறுங்க."