இடிந்த வளையின் மண்

ஆற்றை ஒட்டிய ஒரு காட்டில் பெருச்சாளி ஒன்று வளை தோண்டிக் கொடுத்துப் பிழைத்து வந்தது. சினையாக இருந்த முயல், கோடை முழுவதும் சேர்த்த கிழங்குகளைக் கொடுத்து அதனிடம் ஒரு வளை வாங்கியது.

"முழுக்கக் களிமண், தங்கச்சி! உள்ளே நீ கூத்தே ஆடலாம். ஒரு வருடத்துக்குள் இடிந்தால் வேறு வளை தருவது என் பொறுப்பு" என்றது பெருச்சாளி. பக்கத்து வளையில் இருந்த உடும்பும் அதைக் கேட்டது.

பத்தே நாளில் முதல் தூறல் விழுந்தது. வளையின் கூரை பொத்தென்று சரிந்தது. முயல் எப்படியோ வெளியே பாய்ந்து தப்பியது.

'நான்தான் துள்ளி இடித்துவிட்டேனோ?' என்று அதற்கே சந்தேகம். கூச்சத்தோடு பெருச்சாளியிடம் போய்ச் சொன்னது.

"உள்ளே துள்ளினாயா?"

"கொஞ்சம்... துள்ளினேன், அண்ணே."

"பார்த்தாயா! துள்ளினால் எந்தக் கூரை நிற்கும்? அதற்கு நான் பொறுப்பில்லை."

முயல் தலைகுனிந்தது. உடனே பெருச்சாளியின் குரல் குழைந்தது. "பிள்ளைத்தாய்ச்சி, பார்த்தால் பாவமாக இருக்கிறது. விழுந்த மண்ணையாவது நானே அள்ளி ஆற்றில் கொட்டிவிடுகிறேன். கூலி வேண்டாம்."

எவ்வளவு நல்லவர்! முயலுக்குக் கண் கலங்கியது. சரி என்று சொல்ல வாயெடுத்தது. ஆனால் ஏதோ உறுத்தியது. வேறு வளை தர மறுப்பவர், மண் அள்ள மட்டும் ஏன் இப்படிப் பறக்கிறார்?

"வேண்டாம், அண்ணே. மண் அப்படியே கிடக்கட்டும். உடும்பு அண்ணன் வந்து பார்க்கட்டும்."

"அந்தச் சோம்பேறிக்கு என்ன தெரியும்?"

"அவரும் மண்ணுக்குள்தானே குடியிருக்கிறார்!"

இரை தேடப் போயிருந்த உடும்பு வரும்வரை, முயல் புதரடியில் நனைந்தபடி காவல் இருந்தது. ஒரு கட்டியைக்கூட யாரையும் தொட விடவில்லை.

மாலையில் உடும்பு வந்தது. பெருச்சாளியும் பின்னாலேயே வந்து நின்றது. கூரைத் துண்டு ஒன்றை மெல்லப் புரட்டியது. ஒரு பக்கம் இலை கனத்துக்குக் களிமண் பூச்சு. மற்றபடி அத்தனையும் ஆற்றுமணல்.

"ஏனப்பா பெருச்சாளி, முயல் துள்ளினால் களிமண் மணலாகிவிடுமா?"

பெருச்சாளி மீசையைத் துடைத்துக்கொண்டது. அதற்குள் செய்தி பரவி, அதனிடமே வளை வாங்கியிருந்த காட்டெலியும் முள்ளம்பன்றியும் தங்கள் கூரையைச் சுரண்டிப் பார்க்க ஓடின.

வேறு வழியில்லை. மேட்டில் தனக்கென்று தோண்டி வைத்திருந்த நல்ல களிமண் வளையைப் பெருச்சாளி முயலுக்குக் கொடுத்தது.

மறுநாள் பெருமழை கொட்டியது. அந்த வளைக்குள், ஒரு சொட்டு நீர் படாமல், முயல் நான்கு குட்டிகளை ஈன்றது.

நீதி: வாங்கிய பொருள் பழுதானால் உன்னையே நொந்துகொள்ளாதே, விவரம் தெரிந்தவர் பார்க்கும்வரை அந்தப் பழுதைக் கலைக்கவும் விடாதே.