கரும்பலகை ஓரத்து நாற்காலி

டிக்.

மழை விட்ட பிறகு, ஓட்டு விளிம்பில் தங்கிய ஒரே ஒரு துளி தகரத்தில் விழுமே, அவ்வளவு சத்தம்தான். கேட்டு இருபத்தைந்து வருடம் ஆகிறது. அதை எழுப்பிய விரல் இப்போது இல்லை. சிவசைலத்தின் காதில் மட்டும் இன்னும் இருக்கிறது.

அப்போது அவர் ஒரு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் விரிவுரையாளர். பதினோரு வருடமாக ஒப்பந்த வேலை. வீட்டில் படிக்கிற பெண்கள் இரண்டு பேர்.

டிசம்பரில் துறைத் தலைவர் கூப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்தார். மாணவர்கள் போடும் மதிப்பீட்டில் இரண்டு வருடமாக சிவசைலம்தான் கடைசி. இந்தப் பருவமும் அப்படியே இருந்தால் ஏப்ரலோடு சரி. அதற்குள் எமல்டா டீச்சரைப் பார்க்கவும்.

பாடம் நடத்துகிறவர்களுக்குத் துணை செய்யப் பல்கலைக்கழகம் அமர்த்தியிருந்தவர் எமல்டா டீச்சர். அங்கே மற்றப் பெண்கள் எல்லோரும் மேடம். அவர் மட்டும் டீச்சர். அதற்கு முன் இருபத்தாறு வருடம் காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் இருந்தவர்.

"அ, ஆ சொல்லிக் கொடுத்தவங்க, நமக்கு வெப்ப இயக்கவியல் சொல்லித் தரப்போறாங்களாக்கும்" என்று பக்கத்து மேசைக்காரர் சிரித்தார்.

சிவசைலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு போனார்.

"டீச்சர், நான் நல்லாத்தான் நடத்துறேன். பிள்ளைங்கதான் கல்லு மாதிரி உக்காந்திருக்கு. அறுபத்திரண்டு கல்லு."

"கேள்வி கேப்பீங்களா சார்?"

"கேக்காம? பத்து நிமிஷத்துக்கு நாலு கேள்வி. ஒரு பிள்ளை வாயைத் திறக்கணுமே!"

டீச்சர் மதிப்பீட்டுத் தாள்களைப் புரட்டி, ஒன்றை உருவி அவர் முன்னால் வைத்தார். பெயர் இல்லாத தாள். நீல மை.

'சார் நல்லவர். ஆனால் அவருக்கு நாங்கள் தேவையில்லை.'

சிவசைலம் இரண்டு முறை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அது அலுவலகத் தாள். டீச்சர் திருப்பிக் கேட்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை வாரேன்" என்றார்.

வகுப்பைப் பார்க்க வருகிறவர்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வாத்தியாரைப் பார்ப்பார்கள். எமல்டா டீச்சர் நாற்காலியைத் தூக்கிவந்து கரும்பலகை ஓரமாக, பிள்ளைகளைப் பார்த்துப் போட்டுக்கொண்டார். கையில் சின்னதாக ஒரு கருவி. கூட்டம் சேரும் இடங்களில், உள்ளே போகிற ஆட்களை எண்ண வைத்திருப்பார்களே, அது. கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் ஓர் எண் ஏறும்.

டிக்.

சிவசைலம் பாடத்தை நிறுத்தாமல் ஓரக்கண்ணால் பார்த்தார்.

டிக்.

மணி அடித்ததும் டீச்சர் கருவியைத் திருப்பிக் காட்டினார். பதினேழு.

"பதினேழு தப்பா டீச்சர்?"

"அடுத்த வாரம் வாரேன்."

சிவசைலம் வீட்டில் உட்கார்ந்து யோசித்தார். பலகையைப் பார்த்தே பேசுகிறோம், அதுதான். அடுத்த செவ்வாய் ஒரு தடவைகூட முதுகைக் காட்டவில்லை.

பத்தொன்பது.

ஆங்கிலம் அதிகமோ? முழுக்கத் தமிழில் நடத்தினார்.

பதினெட்டு.

குறிப்பேட்டை மேசையிலேயே விட்டுவிட்டு, பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து நடந்து சொன்னார். கால் வலித்தது.

இருபத்தொன்று.

"என்னை நீங்க பாக்கவே மாட்டேங்கீங்களே டீச்சர். அவங்க முகத்தையே பாத்துக்கிட்டிருக்கீங்க. கொட்டாவியை எண்ணுறீங்களா?"

"கொட்டாவிக்கு இந்தக் கருவி காணாது சார்."

"விளையாடாதீங்க. எனக்கு ஏப்ரலோட வேலை போயிரும். என்னன்னு சொல்லிருங்களேன்."

"சொன்னா, அதையும் ஒரு பாடமா நடத்திருவீங்க."

அவருக்குக் கோபம் வந்தது. குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

அடுத்த செவ்வாய் அவர் எதையும் திருத்திக்கொள்ள வரவில்லை. அந்தச் சத்தத்தைப் பிடிக்க வந்தார். தன் வாயிலிருந்து எந்தச் சொல் விழும்போது அது கேட்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் போதும். அதற்கு ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, நின்று, காது கொடுக்கவேண்டும்.

ஒரு வாக்கியம் சொன்னார். நின்றார். சத்தம் இல்லை.

இன்னொன்று. இல்லை.

ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தார்.

"ஒரு அறையோட கதவு, ஜன்னல் எல்லாத்தையும் அடைச்சாச்சு. உள்ள ஒரு ஃப்ரிட்ஜ் ஓடுது. ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வச்சா, அறை குளிருமா?"

நின்றார். நாற்காலிப் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டார்.

டிக் வரவில்லை.

மின்விசிறி சுற்றியது. வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப உதைத்துக்கொண்டிருந்தார்கள். பிடிக்கவில்லை. இன்னொரு உதை. அப்போதும் பிடிக்கவில்லை.

இப்போது வரும், இப்போது வரும் என்று சிவசைலம் சுண்ணக்கட்டியும் கையுமாக நின்றார்.

"சார்."

அவர் திடுக்கிட்டார். ஐந்தாவது பெஞ்ச். முத்துப்பேச்சி என்று வருகைப் பதிவில் கூப்பிட்டிருக்கிறார். அவள் குரல் இப்படி இருக்கும் என்று தெரியாது.

"ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி சூடால்லா சார் இருக்கும்? எங்க கடைப் பூனை அங்கனதான் படுத்துக் கிடக்கும்."

வகுப்பு சிரித்தது. சிவசைலம் பதில் சொல்ல வாயெடுத்தார். சட்டென்று டிக் ஞாபகம் வந்து, மறுபடி காது கொடுத்தார்.

"அப்போ முன்னாடி குளிரும், பின்னாடி சுடும். சரிக்குச் சரியாப் போயிரும்" என்றான் ஜன்னலோரம் ஒருவன்.

"சரிக்குச் சரி எப்படில ஆகும்? மோட்டார் ஓடுற சூட்டை எங்க கொண்டு வைப்ப?" இது பின்னாலிருந்து.

"அப்படின்னா அறை சூடாகும்" என்றாள் முத்துப்பேச்சி, யாருக்கோ சொல்வதுபோல. பிறகு அவளே நிமிர்ந்து பார்த்தாள். "சார், அறை சூடாகும் சார்!"

பதினோரு வருடமாக, கேட்ட மறு நொடியே அவர் பலகையில் எழுதிப்போடும் விடை அது.

மணி அடித்தது. பிள்ளைகள் பூனையைப் பற்றியும் மோட்டாரைப் பற்றியும் சண்டை போட்டுக்கொண்டே வெளியே போனார்கள். வராந்தாவிலும் அந்தச் சண்டை கேட்டது.

டீச்சர் கருவியைத் திருப்பினார். இரண்டு.

"டீச்சர், நான் இன்னைக்கு ஒண்ணுமே நடத்தலையே."

டீச்சர் நாற்காலியை மடக்கினார்.

"இப்பவாவது சொல்லுங்க. இத்தனை நாளா எதை எண்ணுனீங்க?"

எமல்டா டீச்சர் அவரை நேராகப் பார்த்தார். புருவம் உயர்ந்தது. உதடுகள் பிரிந்தன. பேசப்போகிறவர் போல மூச்சை உள்ளே இழுத்தார்.

சிவசைலத்தால் பொறுக்க முடியவில்லை. "நான் கேள்வி கேக்குற விதத்தைத்தானே..." என்று ஆரம்பித்தார்.

டீச்சரின் உதடுகள் மூடிக்கொண்டன. இழுத்த மூச்சு மூக்கு வழியாகச் சத்தமில்லாமல் இறங்கியது.

டிக்.

சிவசைலம் காலியான பெஞ்சுகளைப் பார்த்தார். இப்படித் திறந்து மூடிய உதடுகளைத் தேடுவதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்தார். கை தானாக, அந்த நீல மைத் தாள் இருந்த சட்டைப் பைக்குப் போனது. என்னவோ சொல்ல வந்தவர், சொல்லாமல் நின்றார்.

ஏப்ரலில் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். அதே வகுப்பறையில் பதினெட்டு வருடம் இருந்து, அவர் ஓய்வு பெற்றார்.