மஞ்சள் குடையும் மெத்தைப் பள்ளமும்

ஹான் பேரரசர்கள் காலத்துச் சீனாவில் சின்ஹே என்றொரு சிற்றரசு இருந்தது. அதன் ஒரு கோடியில் தும்மினால் மறுகோடியில் ‘நூறு ஆயுசு’ என்பார்கள், அவ்வளவுதான் நாடு. அதையும் விழுங்க ஒரு சாக்குத் தேடி வந்தார் தலைநகர்த் தூதர் ஷென் குவாங்.

லாயத்தில் சாக்கு கிடைத்தது. மஞ்சள் குடை கட்டிய தேர்! அந்தக் குடையின் கீழ் பேரரசர் மட்டுமே அமரலாம். வேறு யார் அமர்ந்தாலும் தலை போய்விடும்.

“உங்கள் ராஜா இதில் ஊர்வலம் போகிறானா?”

தேரோட்டி தூ பிங் அவசரமாகக் கும்பிட்டான். ராஜாவின் தலைக்கு அடுத்து உருளப்போவது அவன் தலைதான்.

“பேரரசர் எழுந்தருளினால் வேண்டுமே என்று செய்து வைத்தது, எஜமான். யாரும் உட்கார்ந்ததில்லை.”

“மெத்தையில் பள்ளம் இருக்கிறதே?”

“பூனை படுக்கிற இடம், எஜமான்.”

“பூனையா? என்னை மடையன் என்று நினைத்தாயா?” தூதர் விடுவிடுவென்று ஏறி, தன் பெருத்த உடம்பைப் பள்ளத்தில் பொருத்தினார். “பார்! மனிதன் உட்கார்ந்த பள்ளம்தான் இது!”

வாசலில் நின்ற அவருடைய வீரர்கள் வாய் பிளந்தார்கள். தூ பிங் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

“புதுப் பேரரசர் வாழ்க!”

தூதரின் முகம் வெளுத்தது. “வாயை மூடு!”

“மூடுகிறேன், எஜமான். ஆனால் யார் உட்கார்ந்தார்கள் என்று தலைநகரில் கேட்டால் என்ன சொல்லட்டும்?”

தூதர் சத்தமில்லாமல் இறங்கினார். “பூனை என்றே சொல்.”

அவர் எல்லையைத் தாண்டியதும், ராஜா முதல் வேலையாக எங்கிருந்தாவது ஒரு பூனை பிடித்து வரச் சொன்னார்.