ராஜா நேராக்க நினைத்த வளையல்காரத் தெரு

முன்னொரு காலத்திலே, எந்தச் சீமை என்று மட்டும் கேட்காதீர்கள், கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது, ஒரு ராஜா இருந்தார். நல்ல மனிதர்தான். கோபம் வந்தாலும் சீக்கிரம் ஆறிவிடும். ஆனால் ஒரு பொல்லாத குணம் இருந்தது. அடுத்தவர் வீட்டில் எதைப் பார்த்தாலும் அது தன் வீட்டிலும் இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பார். பக்கத்து ராஜா மயில் வளர்த்தால் இவரும் வளர்ப்பார். பக்கத்து ராஜாவுக்குச் சளி பிடித்தால் இவரும் ஒரு தும்மலாவது தும்மிப் பார்ப்பார்.

இப்படிப்பட்டவரைச் சும்மா அரண்மனையில் உட்கார வைத்திருக்கலாம் அல்லவா? விதி யாரை விட்டது! ஊர்ப் பயணம் கிளம்பிவிட்டார். மலைமேல் இருக்கிற கோடைமுடியைப் பார்த்தார், மேகம் வீட்டுக்குள் புகுந்து போவதைக் கண்டு வாயைப் பிளந்தார். இரண்டு ஆறுகள் கூடுகிற கூடற்படுகையைப் பார்த்தார், படித்துறை முழுக்க விளக்கு. கடைசியாகக் கடலோரத்து முத்துத்துறைக்குப் போனார். அங்கேதான் ஆசாமி மயங்கி விழுந்தார். அரண்மனை வாசலில் நின்றால் கடல் தெரியும்படி ஒரு நேர்வீதி. இரண்டு பக்கமும் பால் போல வெள்ளைச் சுவர், வழி நெடுக வாழைமரமும் தோரணமும். தரையில் ஒரு துரும்பு கிடையாது.

அந்த நினைப்போடு ஊர் திரும்பினால், தன் ஊரின் வளையல்காரத் தெருவில் பல்லக்கு மாட்டிக்கொண்டது. தெரு பாம்பு போல வளைந்து வளைந்து போகும். ஒரு திருப்பத்தில் எருமை ஒன்று குறுக்கே படுத்துக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. மேல்மாடியில் யாரோ பாயை உதறினார்கள். தூசி முழுக்க ராஜாவின் கிரீடத்தில்.

"சே! இதுவும் ஒரு ஊரா?" என்றார் ராஜா.

மறுநாள் சபையில் இதே புலம்பல். பிரதானி வரதுங்கர் இதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார்.

"மன்னர் பெருமானே, அரண்மனை வாசலிலிருந்து ஆற்றுத்துறை வரை நாமும் ஒரு நேர்வீதி அமைக்கலாம். குறுக்கே நிற்பது வளையல்காரத் தெரு ஒன்றுதான். உத்தரவு கிடைத்தால் இடித்துத் தள்ளிவிடலாம்."

பிரதானிக்கு ஊரின் அழகில் என்ன அக்கறை? அந்தத் தெருவில்தான் சபையின் விகடர் செங்கோடன் குடியிருந்தார். தான் மூச்சுப் பிடித்துச் சொல்கிற யோசனைக்கு ராஜா கொட்டாவி விடுகிறார், அந்த ஆள் மூக்கைச் சொறிந்தாலே சிரிக்கிறார் என்று பிரதானிக்கு வயிற்றெரிச்சல். ராஜாவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? "அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார்.

சாயங்காலத்துக்குள் பிரதானியின் ஆட்கள் நேர்வீதிக்கு அளவு குறித்து, தெரு முழுக்க முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டிவிட்டார்கள். கயிறு வளையல்காரி கண்ணாத்தாள் வீட்டுக் கூடத்துக்கு நடுவிலேயே போயிற்று. அவள் நேராகச் செங்கோடன் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"அண்ணே, என் மக தலைப்பிரசவத்துக்கு வந்து படுத்திருக்கா. இன்னும் பதினஞ்சு இருபது நாள்தான் இருக்கு. இந்த நேரத்துல வீட்டை இடிச்சா அவளை நான் எந்த மரத்தடியில போடுவேன்? ராஜாகிட்ட வாயைத் தொறக்கிறவரு நீங்க ஒருத்தருதான். போய்ப் பேசுங்க."

"பேசறேன் கண்ணாத்தா."

"சிரிக்க வெச்சிட்டு வந்துடாதீங்க. பேசுங்க!" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஊரையே சிரிக்க வைக்கிறவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சபையில் கைகட்டி நின்றார்.

"அரசே, முத்துத்துறையைத் தாங்கள் பார்த்துவிட்டீர்கள். முத்துத்துறை மன்னர் நம் ஊரைப் பார்க்கவில்லையே. அவரையும் ஒரு முறை அழைத்துக் காட்டிவிட்டுப் பிறகு இடித்தால் என்ன?"

பிரதானி குறுக்கிட்டார். "நல்ல யோசனை, மன்னர் பெருமானே! உங்கள் ஊர் எங்கள் ஊரைவிட அழகு என்று அந்த மன்னர் தம் வாயாலேயே சொல்லட்டும், தெரு பிழைத்துப் போகட்டும். சொல்லாவிட்டால் விகடரும் அந்தத் தெருவோடு நாட்டைவிட்டுப் போகட்டும். ஆனால் விகடரின் நாக்கு லேசுப்பட்டது அல்ல. ஆகவே விருந்தாளிக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பை அவரே ஏற்கட்டும். அப்போது நம் ஊரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தைகூட வரக்கூடாது. குறை மட்டுமே சொல்ல வேண்டும்."

எப்படி இருக்கிறது பாருங்கள்! கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளி, நீந்தி வா என்கிற கதை. ராஜாவுக்கோ இது பெரிய வேடிக்கையாகத் தோன்றியது. "சம்மதமா?" என்றார்.

"சம்மதம், அரசே. குறையைத் தவிர வேறு எதுவும் என் வாயில் வராது."

ஓலை போயிற்று. முத்துத்துறை மன்னர் வருவதாகப் பதில் வந்தது. அந்தக் காலத்தில் ஒரு ஊர் ராஜா இன்னொரு ஊருக்கு விருந்து வந்தால், அவர் கால் படுகிற தெருவையெல்லாம் கல்யாண வீடு மாதிரி சோடிப்பார்கள். எல்லா நாட்டிலும் அதுதான் வழக்கம். செய்யாவிட்டால் நாட்டுக்கே தலைகுனிவு. அந்தப் பொறுப்பு பிரதானியுடையது. வளையல்காரத் தெருவுக்கும் அவரே சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். வாழைமரம் கட்டி, எருமைகளை ஆற்றங்கரைக்கு ஓட்டி, வாசலெல்லாம் கோலம் போடச் செய்தார். முளைக்குச்சியும் கயிறும்கூடக் கோலத்துக்கும் பூச்சரத்துக்கும் அடியில் மறைந்துபோயின. சுண்ணாம்பு அடித்தால் கோணல் நேராகிவிடுமா என்று அவருக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

விருந்தாளி வந்தார். தெருமுனையில் யானை திரும்ப முடியாமல் நின்றது. மன்னர் இறங்கி நடந்தார். பக்கத்தில் செங்கோடன். பின்னால் பிரதானி, காதைத் தீட்டிக்கொண்டு.

"மன்னிக்க வேண்டும் அரசே," என்று தொடங்கினார் செங்கோடன். "மகா மோசமான தெரு இது. உச்சிவேளையிலும் வெயில் கிடையாது. ஒரு வடகம் பிழிந்து காயவைக்க முடியாது."

முத்துத்துறை மன்னர் வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தவர், நிழலைக் கவனித்து நின்றார்.

"காற்று இருக்கிறதே, அது இன்னும் மோசம். ஆற்றிலிருந்து வந்து இந்தக் கோணலுக்குள் புகுந்துகொள்ளும், வெளியே போக வழி தெரியாமல் இங்கேயே சுற்றும். வேலை செய்யலாம் என்று உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும்."

"அடடா!" என்றார் மன்னர்.

"அவசரமாகப் போகிறவனுக்கு இந்தத் தெரு ஆகவே ஆகாது. திருப்பத்துக்குத் திருப்பம் யாராவது மோரைக் கையில் கொடுத்து ஊர் வம்பு பேசுவார்கள். இதைவிடக் கொடுமை, திரும்பினால் என்ன இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாது."

மன்னர் திரும்பினார். ஒரு கடை முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக வளையல்கள் மின்னின. இன்னொரு திருப்பத்தில் வேப்பமரமும் அதன் அடியில் சின்னதாக ஒரு பிள்ளையாரும். அடுத்ததில் நாலு பெண்கள் அம்மானை ஆடிக்கொண்டிருந்தார்கள். மன்னர் தாம் விருந்தாளி என்பதையே மறந்துபோய், செங்கோடனை விட்டுவிட்டு முன்னால் நடந்தார்.

"இன்னும் ஒரு திருப்பம் உண்டா?"

"உண்டு அரசே. என்ன செய்வது, எங்கள் தலையெழுத்து!"

அங்கே கண்ணாத்தாள் வளையல் சரத்தோடு வாசலில் நின்றாள். ராஜா என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை.

"வாங்க சாமி, மகாராணிக்கு வளையல் எடுத்துக்குங்க. கை அளவு என்ன?"

மன்னர் விழித்தார். தன் விரல்களைக் குவித்துப் பார்த்தார், விரித்துப் பார்த்தார்.

"இதென்ன கூத்து! பொண்டாட்டி கை அளவு தெரியாமயா இத்தனை வருசம் குடித்தனம் பண்றீங்க?"

சுற்றியிருந்த வீரர்கள் பயந்து தலையைக் குனிந்துகொண்டார்கள். மன்னர் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எல்லா அளவிலும் வளையல் வாங்கிக்கொண்டு போனார்.

மாலையில் சபை கூடியது. விருந்தாளி எழுந்து நின்றார்.

"நண்பரே, என் வீதியில் ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியும். அதோடு பார்க்க வேண்டியது தீர்ந்துபோகும். நடந்தால் வெயில், நின்றால் உப்புக்காற்று. மனம் திறந்து சொல்கிறேன், உங்கள் ஊர் எங்கள் ஊரைவிட அழகு."

பிரதானி துள்ளி எழுந்தார். "மன்னர் பெருமானே, விகடர் ஏதோ புகழ்ந்திருக்கிறார்!"

"புகழ்ந்தாரா?" என்றார் விருந்தாளி. "வழி நெடுகத் திட்டிக்கொண்டல்லவா வந்தார்! நீரும்தானே கேட்டீர்?" பிரதானி உட்கார்ந்துவிட்டார். விருந்தாளி தொடர்ந்தார். "ஊருக்குப் போனதும் முதல் வேலையாக என் நேர்வீதியை இடித்துக் கோணலாக்கப் போகிறேன்."

நம் ராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயையோ, அந்தக் காரியம் செய்துவிடாதீர்கள்! ஒரு துரும்பு இல்லாமல் எப்படி இருந்தது அந்த வீதி!"

"அது நீங்கள் வந்த அன்றைக்கு. மற்ற நாளில் முனைக்கு முனை கருவாடு காயும். உங்களுக்காக அள்ளச் சொன்னதற்கு எங்கள் ஊர்ப் பெண்கள் என்னை ஏசிய ஏச்சு இருக்கிறதே!"

"கருவாடா?" என்றார் ராஜா. பிறகு தலையைச் சொறிந்தார். "இங்கேயும் எருமை படுத்திருக்கும். நீங்கள் வருகிறீர்கள் என்று ஓட்டிவிட்டோம்."

இரண்டு ராஜாக்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். செங்கோடன்தான் மெல்ல முன்னால் வந்தார்.

"அரசே, கடைசியாக ஒரு குறை. அவர்கள் வீட்டுக் கல்யாணப் பந்தலைப் பார்த்துவிட்டு வந்து, நம் வீட்டு அடுக்களையை இடிக்கக் கிளம்பினோம். அந்த அடுக்களையில் பிள்ளை பெறுவதற்காக ஒரு பெண் படுத்திருக்கிறாள். அது எனக்குப் பெரிய வருத்தம்."

இதைச் சொல்லும்போது விகடர் சிரிக்கவில்லை. ராஜாவின் முகம் சிவந்தது. தன் கையில் இருந்த பொன் தோடாவைக் கழற்றிச் செங்கோடன் கையில் மாட்டினார்.

"தெரு இருக்கட்டும். முளையடிக்கச் சொன்னவரே நாளைக் காலையில் தம் கையால் ஒவ்வொன்றாகப் பிடுங்கட்டும். நானே வந்து பார்ப்பேன்."

பிரதானி பிடுங்கினார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க, கடப்பாரையால் நெம்பி நெம்பிப் பிடுங்கினார். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. கண்ணாத்தாள் வீட்டு முளை மட்டும் வருவேனா என்றது. அவர் கடப்பாரையை ஓங்கி 'டங்'கென்று ஒரு போடு போட்டார். கதவைத் திறந்துகொண்டு கண்ணாத்தாள் பாய்ந்து வந்தாள்.

"யாருய்யா அது, அறிவில்லாம? விடியக்காலையில பொறந்த புள்ளை இப்பத்தான் கண்ணசந்திருக்கு. சத்தம் கேட்டுச்சு, நடக்கிறதே வேற!"

பிரதானி கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு, மண்டியிட்டு உட்கார்ந்து, விரல் நகத்தால் மண்ணைச் சுரண்ட ஆரம்பித்தார். ராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. குழந்தை எழுந்துவிடுமே! உத்தரீயத்தை வாயில் அடைத்துக்கொண்டு, செங்கோடன் தோளைப் பிடித்தபடி, வயிறு குலுங்கக் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டே நின்றார்.