கறுப்பு ஆளி சுரண்டியவர்

தேசப்பனுக்கு அந்தக் கறுப்பு ஆளியைக் கண்டாலே ஆகாது. எந்த நாட்டிலிருந்தோ கப்பலடியில் ஒட்டிக்கொண்டு வந்த சிப்பி அது. வந்த வேகத்தில் காயலின் அடிமண் முழுக்க ஜமக்காளம் விரித்த மாதிரி படர்ந்துவிட்டது. ஒரு காலத்தில் அங்கே காலால் துழாவினாலே கூடை கூடையாக மஞ்சள் மட்டிச் சிப்பி அகப்படும். இப்போது துழாவினால் பாதம்தான் கிழியும். மட்டி போயிற்று. மட்டி எடுத்துப் பிழைத்தவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். போன வருஷம் மச்சான் ஏழுமலை வந்தான். "இங்க என்ன இருக்குன்னு உட்கார்ந்திருக்கே?" என்று தன் அக்காவைக் கேட்டு, தேசப்பனின் மனைவி நாகபூஷணத்தைக் கையோடு பட்டணத்துக்குக் கூட்டிப்போய்விட்டான்.

அதற்கப்புறம் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அடுப்பு மூட்டக்கூட மனசு வராது. முகத்துவாரத்துக் கோயிலில் தனியாக இருந்த சாமியம்மாவிடம் போய்ச் சீடனாகச் சேர்ந்துகொண்டார். அவள் அவரைவிடப் பத்து வயசு இளையவள். அவர் அவளைச் சாமி என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். உபதேசம் கேட்கலாம் என்றுதான் போனார். அந்த அம்மாளோ வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம்.

தண்ணீர் வற்றும்போதெல்லாம் தேசப்பன் காயலில் இறங்கி ஆளியைச் சுரண்டினார். கையெல்லாம் ரத்தம். ஒரு பாத்தி அளவு இடம் சுத்தமானதும், தெற்கே இருந்து உயிர் மட்டி வாங்கிவந்து நெல் விதைக்கிற மாதிரி தூவினார். மட்டி தழைத்தால் ஊர் திரும்பும், நாகபூஷணமும் திரும்புவாள். அந்த ஒரு நம்பிக்கையில்தான் மனுஷர் உயிரை வைத்திருந்தார்.

வாரம் திரும்புவதற்குள் எல்லாம் வாயைப் பிளந்து நாறிக் கிடந்தன. பாவம், கரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

"சாமி, எங்கிருந்தோ வந்தது இங்கேயே பிறந்ததைத் துரத்திட்டு உட்கார்ந்துக்குதே, இது என்ன நியாயம்?"

"மட்டி மிச்சம் இருக்கா அண்ணே?"

"கடல்தண்ணி மாத்தி மாத்தி ஊத்தி, வாளியில கொஞ்சம் வச்சிருக்கேன்."

அதை வாங்கி இரண்டு வலைத்துண்டில் பிரித்தாள். ஒன்றில் மட்டி மட்டும். இன்னொன்றில் மட்டியோடு கறுப்பு ஆளியையும் திணித்தாள்.

"ஐயோ! அந்தச் சனியனோடயா?"

"இதை முகத்துவாரம் தாண்டிக் கடல்ல கட்டுங்க. முடிச்சு அவிழக்கூடாது. ஆளி ஒண்ணுகூட அங்க விழக்கூடாது. தனியா இருக்கிற மட்டியை நீங்க சுரண்டின இடத்துலயே கட்டுங்க."

சில நாள் கழித்து இரண்டையும் எடுத்துவந்தார். காயலில் தனியாகக் கிடந்த மட்டி அத்தனையும் செத்திருந்தது. கடலில் கிடந்த மூட்டையை அவிழ்த்தார். ஆளிகளுக்கு நடுவே மட்டி இறுக வாயை மூடிக்கொண்டு கிடந்தது. நகத்தால் நெம்பினார். திறக்கமாட்டேன் என்றது. அட, உயிரோடு இருக்கிறது!

"காயல்ல விழற ஆத்துல ஆலைக்காரன் சுடுதண்ணி விட ஆரம்பிச்சது எப்போ அண்ணே?"

"அது ஆச்சு சாமி, ரொம்ப வருஷம். ஆளி வர்றதுக்கு முந்தியே."

"அப்போ மட்டி எப்படி இருந்துது?"

தேசப்பன் தயங்கினார். "குறைஞ்சுக்கிட்டேதான் வந்துது. இளைச்சும் போச்சு. நாங்க யாரும் கண்டுக்கல. அந்தச் சூடு ஆளியை ஒண்ணும் பண்ணல போல, வந்ததும் பரவிடுச்சு."

சாமியம்மா ஆளிகளைப் பொறுக்கி எடுத்துக் கரை மேட்டில் போட்டாள்.

"அப்போ நான் இத்தனை நாளா யாரோட மல்லுக்கட்டினேன்?"

தேசப்பனுக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கோபம் பழைய இடத்துக்கே போயிற்று.

"சரி, மட்டி கதை அப்படியே இருக்கட்டும். என் வீட்டுக் கதை வேற சாமி. அந்த ஏழுமலை மட்டும் வராம இருந்திருந்தா நாகபூஷணம் போயிருக்கவே மாட்டா."

சாமியம்மா வலையைத் தண்ணீரில் அலசியபடியே கேட்டாள்:

"அவர் வர்றதுக்கு முன்னாடி, அந்த வீட்ல அண்ணி யார்கூடப் பேசிக்கிட்டு இருந்தாங்க?"

தேசப்பன் ஒவ்வொரு பேராக யோசித்துப் பார்த்தார். தன் பேரைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை.